பிருந்தாவை முந்தணும்

உக்காருங்க அம்மிணி, எடமிருக்குது. இந்தப் பையை இக்கட்டால நகர்த்திக்கறேன். மாமியாருக்குங்களா? இடுப்பா? ஐயோ பாவம். அந்த பெஞ்சுல சாய்ஞ்சாப்புல உக்கார வெச்சது நல்லதாப் போச்சு. இந்த டாக்டரு நல்லாத்தான் பாக்கறாரு. ஆனா உள்ள கூப்புடறதுக்குள்ள நமக்கு ஒரு எலும்பு தேஞ்சு போயிரும்.

எனக்கு ஒண்ணுமில்லீங்க. என் ஓரகத்திக்கு. கொழுந்தனார் பொண்டாட்டி, பிருந்தான்னு பேரு. கணுக்கால் எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்துது, இன்னிக்குப் பிரிக்கறாங்க. உள்ளதான் இருக்கறா. நான் எதுக்குங்க கூட போறது? நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லை.

சிரிக்காதீங்க, நெசமாலுந்தான். கூட்டிட்டு வந்தது நான்தான், அது வேற. கொழுந்தனாருக்கு ஆபீசுல லீவு இல்லையாம். எங்கூட்டுக்காரருக்குக் கடை. மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கறாரு, அரை நாள் மூடுனா கோபியில அத்தனை மாடும் பட்டினி கெடக்கும்னு நெனப்பு. அப்புறம் வீட்டுல சும்மா இருக்கறவ யாரு? இந்தக் கலாமணிதான். ஆட்டோவுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து வந்தோம், ஒரு வார்த்தை பேசலை. மேடு பள்ளம் வந்தா மட்டும் காலைப் புடிச்சுக்கிட்டேன்.

இந்தச் சட்டையைப் பாத்துட்டீங்களா? ஆமாங்க, மாரத்தான் சட்டைதான். எம் பொண்ணுது இல்லை, என்னுதுதான். நானேதான் ஓடறேன். வர்ற மாசம், கோயமுத்தூர்ல. பாதி ஓட்டம் இல்லீங்க, முழுசு. நாப்பத்திரண்டு கிலோமீட்டர். இங்கிருந்து ஓடுனா ஈரோடு தாண்டியும் மிச்சமிருக்கும்.

தெரியும், தெரியும். சொன்ன உடனே எல்லாரும் தலையிலிருந்து ஆரம்பிச்சு கீழ பாப்பாங்க. இடுப்புகிட்ட வந்ததும் கண்ணு நின்னு போகும். அப்புறம் "அப்படிங்களா"ம்பாங்க. நீங்க கொஞ்சம் நாகரிகமாப் பாத்தீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஓட்டத்து மேல ஆசையெல்லாம் ஒண்ணுங் கெடையாது. சுத்தப் பைத்தியக்காரத்தனம். வெடியால எந்திரிச்சு, தொரத்தறதுக்கு ஆளில்லாம ஓடி, ஓடுன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குங்க இத்தனை ஆர்ப்பாட்டம்? நான் ஓடறது எதுக்குன்னா, பிருந்தாவை முந்தறதுக்கு. அவ்வளவுதான்.

கேளுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால மேல மாடி எடுத்தாங்க. கீழ நாங்க, மேல அவங்க. மாடிக்குப் பால் காய்ச்சற அன்னிக்கு ஒறம்பரை சனம் வாசல் கொள்ளாம நிக்குது. நான் மூத்த மருமக. தாம்பாளத்தைத் தூக்கிட்டு மொதப் படியில காலை வெக்கறேன். மேல நின்னுட்டு அவ சத்தம் போடறா: "அக்கா, நீங்க ஏற வேண்டாம். உங்களால முடியாது. தட்டத்தை அங்கயே குடுத்துடுங்க."

உங்களால முடியாது! அத்தனை பேர் காதுலயும் விழுந்துது. எங்க சின்ன மாமியார் முந்தானையை வாயில வெச்சுட்டுச் சிரிச்சாங்க, நான் பாத்தேன். எனக்கு மூட்டு வலி இருந்துதுங்க, இல்லைன்னு சொல்லலை. மொத நாள் பொழுதோட அவதான் தைலம் சுடவெச்சு ரெண்டு முட்டியிலயும் தேச்சு விட்டா. தேச்சு விட்டா ஊர் முன்னால சொல்லிக் காட்டலாமா? தட்டத்தை அங்கயே கீழ வெச்சேன். அதோட பேச்சையும் வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் ஏதாவது சொல்லியே ஆகோணும்னா சுவத்தைப் பாத்துச் சொல்லுவேன். "இன்னிக்குத் தண்ணி வராது போல"ன்னு சுவத்துகிட்டச் சொல்லுவேன். அவளும் வெவரமானவ. "அப்ப நேத்தே புடிச்சு வெச்சது நல்லதாப் போச்சு"ன்னு கதவுகிட்டச் சொல்லுவா. காரியம் நடந்துரும்.

பொறவு அவ ஓட ஆரம்பிச்சா. காலேஜுல கம்ப்யூட்டர் சொல்லித் தர்றா, உக்காந்து உக்காந்து முதுகு வலியாம். எனக்கு நின்னு நின்னு வலி, யாரு கேட்டாங்க? கோயமுத்தூர் போயி ஏதோ பத்து கிலோமீட்டர் ஓட்டத்துல ஓடி, ஒரு பதக்கத்தை வாங்கிட்டு வந்து மாடிப்படிக் கைப்பிடியில தொங்க விட்டுட்டா. அதுக்குக் கீழதான் தண்ணி மோட்டார் சுவிட்சு. நான் தெனமும் காலங்காத்தால அது மூஞ்சியில முழிக்கோணும்.

எங்கூட்டுக்காரர் இருக்கறாரே, கடைக்குப் பருத்திக்கொட்டை வாங்க வர்றவங்ககிட்டயெல்லாம், "எங்க வீட்டுல ஒரு வீராங்கனை இருக்குதுங்க"ம்பாரு. பருத்திக்கொட்டை வாங்க வந்தவனுக்கு எதுக்குங்க வீராங்கனை? இருபத்தஞ்சு வருசம் இந்த மனுசனுக்கு ரெண்டு வேளை சுடுதண்ணி வெச்சுக் குடுத்திருக்கறேன். எனக்கு ஒரு பட்டமும் வரலை.

அப்புறம் எங்க பெரியக்கா பேத்திக்குக் காது குத்து. பந்தியில உக்காந்திருக்கறோம். கொழுந்தனார் போனைத் தூக்கி அவ ஓடுன படத்தை எல்லாருக்கும் காட்டறாரு. எலை போட்டாச்சு, சோறு வந்தாச்சு, போனு மட்டும் கை மாறிட்டே இருக்குது. எனக்குப் பொறுக்கலை. "பத்து கிலோமீட்டர் என்ன பெரிய தூரமா? நான் முழு மாரத்தானே ஓடுவேன்"னு சொல்லிட்டேன்.

எப்படி வாயில வந்துதுன்னு தெரியாதுங்க. மாரத்தான்னா எத்தனை தூரம்னுகூட அப்பத் தெரியாது. பந்தியே சிரிச்சுது. எங்கூட்டுக்காரருக்குப் பாயாசம் பொரையேறி ரெண்டு பேர் முதுகுல தட்டுனாங்க. அவ மட்டும் சிரிக்கலை. எலையைப் பாத்துட்டே, "ஓடலாம். நெதானமாப் பழகுனா யாரு வேணாலும் ஓடலாம்"ங்கறா. சிரிச்சிருந்தாக்கூட வுட்டுருப்பேன். சிரிக்காம சொன்னா பாருங்க, அதுதான் எகத்தாளம்.

அவ்வளவுதான், அடுத்த வாரமே ஷூ வாங்கிட்டேன். ஷூ விக்கற பையன், "ஆண்ட்டி, வாக்கிங் போறதுக்கா?"ன்னான். "ஓடறதுக்கு"ன்னேன். "சாருக்கா?"ன்னான். அவனோட கடையில வாங்கியிருக்கவே கூடாது. வேற கடை இல்லை.

கல்யாணத்துக்கப்புறம் மொத தடவையா சுடிதார் போட்டேன். துப்பட்டாவை ரெண்டு பக்கமும் ஊக்கு வெச்சுக் குத்தி, மேல தலைக்கு ஒரு கர்ச்சீப்புக் கட்டி, கிளம்பிட்டேன். மைதானத்துக்கு அவளும் அந்நேரத்துக்குத்தான் போறா. ஒரே வாசல்லேர்ந்து ஒரே எடத்துக்கு ரெண்டு வண்டி எதுக்கு? அவ ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்துக்கிட்டேன். பேசலை. அவளும் நான் சரியா உக்காந்தனான்னு கண்ணாடியில பாத்துட்டு வண்டியை எடுத்தா.

அங்க ஒரு கூட்டம் இருக்குதுங்க. ஓட்டக் குழுவாம். அதுக்கு ஒரு கோச்சு. யாரு தெரியுமா? பல் டாக்டர்! ப்ரதீபன்னு பேரு, கடைவீதியில பல்லு புடுங்கறாரு. அவரு எனக்குக் காலை எப்படி வெக்கறதுன்னு சொல்லித் தர்றாரு. "குதிகாலை ஊனாதீங்க மேடம், தோளைத் தளர வுடுங்க, மூச்சை அப்படி இழுங்க." நடக்கத் தெரியாமலா இத்தனை வருசம் ரேசன் கடைக்கும் சந்தைக்கும் போயி வந்தேன்? மத்தவங்களைப் பாக்கோணுமே. ஒருத்தரு வங்கி மேனேஜரு, தொடை தெரிய அரை டவுசர். எல்லார் கையிலயும் ஒரு வாட்சு, அது கீச்சுனு கத்துனா ஓடுவாங்க, கத்துனா நிப்பாங்க. ஓடி முடிச்சதும் ஆளுக்கொரு வாழைப்பழத்தை உரிச்சுட்டு, "சூப்பர், சூப்பர்"னு ஒருத்தருக்கொருத்தர் கையைத் தட்டிக்குவாங்க. வாழைப்பழம் திங்கறதுக்கு எதுக்குங்க கைதட்டல்?

நான் மொத நாள் மைதானத்தை ஒரு சுத்துகூட முழுசா ஓடலை. பாதியில நெஞ்சு அடைச்சு, புல்லுல உக்காந்துட்டேன். மைதானமும் சரியில்லை, ஒரே மேடு பள்ளம். அந்த மேனேஜரு வந்து, "நல்ல ஆரம்பம் மேடம்"ங்கறாரு. உக்காந்திருக்கறவளைப் பாத்து நல்ல ஆரம்பமாம். வங்கியில எப்படிக் கடன் குடுக்கறாரோ.

ஆனா வுடலைங்க. ஒரு சுத்து ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. மூட்டு வலியும் கொறைஞ்சுது. அது ஓடறதால இல்லை, நான் உளுந்தங்களி தின்னேன், அதனால. சர்க்கரை எறங்கியிருக்குதுன்னு எங்க டாக்டரம்மா ஒரு மாத்திரையை நிறுத்துனாங்க. அவங்க மாத்திரையே அவ்வளவு நல்ல மாத்திரை.

ஞாயித்துக்கெழமையானா தூர ஓட்டம். வாய்க்கால் மேட்டுல. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெல்லு வயலு, நடுவுல மண்ணு பாதை. மத்தவங்களெல்லாம் முன்னால போயிருவாங்க. பிருந்தா இருக்கறாளே, அவ பண்ற கூத்தைக் கேளுங்க. முன்னால ஓடிப் போவா. கண்ணுக்கு மறையற தூரம் போயிட்டுத் திரும்பி எங்கிட்ட வருவா. என் பக்கத்துல கொஞ்ச தூரம் வருவா. மறுபடி முன்னால ஓடுவா. மறுபடி வருவா. நான் ஒரு தடவை போற பாதையில அவ மூணு தடவை போறா. நான் இவ்வளவு ஓடுவேன் பாருன்னு படம் காட்டறா! வாயைத் தொறந்து, "நான் ஒண்ணும் கொழந்தை இல்லை"ன்னு வாய்க்காலைப் பாத்துச் சொன்னேன். "தனியா ஓடறதுக்கு எனக்குச் சலிப்பா இருக்குது"ன்னு அவளும் வாய்க்காலைப் பாத்துச் சொல்றா. நடிப்பு.

இப்படி ஒரு ஞாயித்துக்கெழமைதான் காலு போச்சு.

அவ அப்ப முன்னால போயிட்டா. நான் பின்னால வர்றேன். தென்னந்தோப்புலேர்ந்து ரெண்டு நாயி, கன்னுக்குட்டி ஒசரம் இருக்கும், கொரைச்சுட்டே என்னைப் பாத்து வருது. நான் நின்னுட்டேன். நாய்க்கு முன்னால ஓடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும், நான் சமாளிச்சிருப்பேன். இவளை யாரு வரச் சொன்னாங்க? "அக்கா, அசையாதீங்க"ன்னு கத்திட்டே, மண்ணு கட்டியை எடுத்து வீசிட்டே ஓடி வர்றா. நாயி என்னை வுட்டுட்டு அவ மேல பாஞ்சுது. ஒதுங்குனா பாருங்க, கரை வழுக்கிருச்சு. கீழ கல்லுக்கட்டுல போயி விழுந்தா. நாயி கொஞ்ச நேரம் கொரைச்சுட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு.

நான் எறங்கிப் போயிப் பாத்தா, பாதம் ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் திரும்பிக் கெடக்குது. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. அவ போனு தண்ணிக்குள்ள. என்கிட்ட போனு இல்லை. ஓடறப்ப அது இடுப்புல ஆடும்னு நான் எடுத்துட்டுப் போறதில்லை. மத்த கூட்டம் அன்னிக்கு வரலை, சுத்தி ஒரு ஈ காக்கா இல்லை.

"அக்கா, வலிக்குதுக்கா"ங்கறா.

"பேசாமப் படு. அசைஞ்சீன்னா ஒதைப்பேன். கூட்ரோட்டுக்குப் போயி வண்டி கூட்டிட்டு வர்றேன்"னேன். அதைப் பேசுனதாக் கணக்குல எடுத்துக்கக் கூடாதுங்க. அது ஆபத்து நேரம்.

என் துப்பட்டாவை மடிச்சு அவ தலைக்குக் கீழ வெச்சுட்டு ஓடுனேன். கூட்ரோடு நல்ல தூரம். வழியில ஒரு வண்டி வரலை. அங்க போனா ஒரே ஒரு ஆட்டோ நிக்குது, மயில்சாமின்னு ஒரு ஆளு டீக்கடையில உக்காந்து டீயை ஊதி ஊதிக் குடிக்கறான். "வாய்யா, ஒரு புள்ளை காலு ஒடிஞ்சு கெடக்குது"ன்னா, "டீ சூடா இருக்குதுங்க"ங்கறான். டம்ளரைப் புடுங்கி பெஞ்சு மேல வெச்சேன். வந்தான்.

பொறவு அந்தப் பல் டாக்டரு ஆசுபத்திரிக்குப் பாக்க வந்தப்ப எங்கிட்ட கேக்கறாரு, "மேடம், அங்கேர்ந்து கூட்ரோடு வரைக்கும் நிக்காம ஓடுனீங்களா? எடையில நடக்கவே இல்லையா?"ன்னு. "நடக்கறதுக்கு நேரம் எங்கங்க இருந்துது?"ன்னேன். "நீங்க இதுவரைக்கும் ஒரே மூச்சுல அவ்வளவு தூரம் ஓடுனதில்லை மேடம்"ங்கறாரு. ஒருத்தி காலு ஒடிஞ்சு கெடக்கறா, இவருக்குத் தூரக் கணக்கு! படிச்சவங்களுக்கு எதை எப்பப் பேசறதுன்னே தெரியறதில்லை.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வந்த அன்னிக்கே அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மேல அவ கட்டிலுக்குப் பக்கத்துலயே பஞ்சாயத்து வெச்சுட்டாங்க. எங்கூட்டுக்காரர் மீசையைத் தடவிட்டு, "ஓட்டமெல்லாம் இதோட போதும். ஊரே சிரிக்குது"ன்னாரு. கொழுந்தனாரு, "ஆமாண்ணா, அண்ணிக்கு இந்த வயசுல எதுக்கு? அவங்களுக்காகத் திரும்பிப் போயித்தானே இவளுக்கு இப்படி ஆச்சு"ன்னாரு.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? நான் கூப்பிட்டனா? நாய்க்கு நானா பழக்கம் சொல்லிக் குடுத்தேன்? ஏதோ சொல்றதுக்கு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ, கட்டில்ல காலை நீட்டிப் படுத்துட்டு, சுவத்தைப் பாத்து இல்லை, புருசன் மொகத்தைப் பாத்துச் சொல்றா: "நானா போனேன், நானா விழுந்தேன். அக்கா ஓடி வரலைன்னா மத்தியானம் வரைக்கும் அங்கயேதான் கெடந்திருப்பேன். இனிமே இந்தப் பேச்சை எடுக்காதீங்க."

எனக்காகப் பேசறாளாம். எனக்கு வாய் இல்லையா? என் சண்டையை நானே போட்டுக்குவேன், எவளும் வாங்கித் தர வேண்டாம்.

அப்புறம் நானே ஓட்டத்தை நிறுத்திட்டேங்க. அண்ணன் தம்பி சொன்னதுக்காக இல்லை. யாரை முந்தோணும்னு ஓடுனேனோ, அவ கட்டில்ல கெடக்கறா. இனி யாரை முந்தறது? பல் டாக்டரையா? மாவுக்கட்டு போட்டவளை முந்துனேன்னு சொன்னா அது ஒரு மரியாதையா? ஏமாத்து வேலைங்க அது. சோத்தை ஆக்கி மூணு வேளையும் மேல கொண்டு போயி வெச்சுட்டு வருவேன். பாசம்னு நெனைச்சுக்காதீங்க. கொழுந்தனாரு வெக்கற ரசத்தை நீங்க குடிச்சதில்லை.

நாலஞ்சு நாளு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். ஒரு நாள் வெடியால, டொக்கு, டொக்குன்னு தலைக்கு மேல சத்தம். எங்க படுக்கையறைக்கு நேர் மேலதான் அவ கட்டில். ஊனுகோலால தரையை இடிக்கறா. நான் தலைகாணியைக் காதுல வெச்சுப் பாத்தேன். நிக்கலை. எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு, "மேல என்னடி ஒலக்கை குத்தறாங்க?"ங்கறாரு. மேல போனேன்.

"என்ன?"ன்னு சன்னலைப் பாத்துக் கேட்டேன்.

"ஓட்டத்துக்கு நேரமாச்சு"ங்கறா அவளும் சன்னலைப் பாத்து.

"யாரும் ஓடலை."

"நான் விழுந்ததால நின்னுட்டாங்கன்னு ஊருல பேசுவாங்க. உங்களால முடியாம நின்னுட்டீங்கன்னும் பேசுவாங்க."

பாருங்க, எப்படிக் குத்தறான்னு! கீழ வந்து சுடிதாரைப் போட்டேன். ஷூவைத் தேடறேன், காணோம். எங்கூட்டுக்காரரு கடைக்கு எடுத்துட்டுப் போயித் தீவன மூட்டைக்குப் பின்னால போட்டுட்டு வந்திருக்கறாரு. ஒப்புக்கவே இல்லை, போர்வையை இழுத்துப் போத்திட்டாரு. நான் வாசல்ல நின்னு சத்தம் போடறேன். மாடி பால்கனியிலேர்ந்து ஒரு வாளி எறங்கி வருது. காய்கறிக்காரன்கிட்ட வாங்கறதுக்குக் கயிறு கட்டி வெச்சிருக்கற வாளி. அதுக்குள்ள அவளோட ஷூ. ஒரு சைசு பெருசுங்க எனக்கு. மகாராணி காலு. ரெண்டு ஜோடி சாக்ஸு மாட்டிட்டுப் போனேன்.

தெனமும் இதே கதைதான். டொக்கு, டொக்கு. ஊனுகோலு முனை ரப்பரே தேஞ்சு போச்சு. அந்தச் சத்தத்துல தூங்கறதுக்கு ஓடறதே மேல்னு ஓடுனேன். சீக்கிரம் திரும்பி வந்தா, பால்கனியில உக்காந்துட்டு, "இன்னிக்குக் கொறைச்சல்"னு செடிகிட்டச் சொல்லுவா. வேலையில்லாதவளுக்கு வேற என்ன வேலை?

போன ஞாயித்துக்கெழமைதான் பெரிய ஓட்டம், முப்பது கிலோமீட்டர். மாரத்தானுக்கு முன்னால அதை ஒரு தடவை முடிச்சாத்தான் மாரத்தானுக்கு லாயக்குன்னு பல் டாக்டரு கறாராச் சொல்லிட்டாரு. வாய்க்கால் மேட்டுலயே போயி, அணை வரைக்கும் தொட்டுட்டு, வீட்டு வாசலுக்குத் திரும்பி வரோணும். மத்தவங்களெல்லாம் போன வாரமே முடிச்சுட்டாங்க. நான் தனியா.

தனியாப் போலாம்னு பாத்தா முடியுதா? மொத பாலத்துகிட்ட போறேன், ஒரு ஆட்டோ நிக்குது. மயில்சாமி ஆட்டோ. பின்சீட்டுல அவ, மாவுக்கட்டுக் காலைக் குறுக்க நீட்டிட்டு உக்காந்திருக்கறா. கையில சொம்பு, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்ட தண்ணி. வாங்கிக் குடிச்சுட்டு ஓடறேன். அடுத்த மதகுகிட்ட போறேன், அங்கயும் அந்த ஆட்டோ. வெல்லத்தை ஒரு கட்டி நீட்டறா. எங்க பாத்தாலும் இவளே. என்னை வேவு பாக்கறதுக்கு ஆட்டோ வெச்சு வந்திருக்கறா. நான் எங்கயாவது மரத்தடியில உக்காந்துட்டேன்னா காது குத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லுவாளா இருக்கும்.

அணையைத் தொட்டுட்டுத் திரும்பறப்ப வெயிலு ஏறிருச்சு. காலு என்னுதாட்டவே இல்லை. சாக்ஸுக்குள்ள கொப்புளம் வெடிச்சு, வெக்கற அடியெல்லாம் நெருப்பு. தென்னந்தோப்புகிட்ட வந்து நின்னுட்டேங்க. அவ விழுந்த எடம். குனிஞ்சு முட்டியைப் புடிச்சுட்டு நிக்கறேன், நிமிர முடியலை. ஆட்டோ வந்து பக்கத்துல நின்னுது. ஏறிக்கங்கன்னு சொல்லுவான்னு நெனைச்சேன். சொல்லியிருந்தா ஏறியிருப்பேன், உங்ககிட்ட எதுக்குப் பொய்யி?

அவ சொல்லலை. சொம்புத் தண்ணியைத் தலையில ஊத்துனா. கர்ச்சீப்பு, துப்பட்டா எல்லாம் நனைஞ்சு போச்சு. "அக்கா, நான் இங்கதான் இருக்கறேன். நடந்தாலும் சரி, ஓடுனாலும் சரி, நீங்க முன்னால போங்க"ன்னா. நேரா என் மொகத்தைப் பாத்துச் சொன்னா.

"தண்ணி ஊத்தறதுக்கு முன்னால சொல்லிட்டு ஊத்தோணும்"னேன். போனேன்.

ஆட்டோ பின்னாலயே வந்துது, மாட்டு வண்டி வேகத்துல. மயில்சாமிக்கு வேற சவாரியே இல்லை போல. ஊருக்குள்ள வந்தாச்சு. கடைவீதியில எங்கூட்டுக்காரரு கடை வாசல்ல நிக்கறாரு. நான் பாக்கலை. ஆனா கடையிலிருந்த ஆளு ஒருத்தரு, "யாருங்க அது?"ன்னு கேட்டது காதுல விழுந்துது. "எங்கூட்டு அம்மிணி"ன்னாரு. அதை ஏதோ ரகசியமாட்டம் மெல்லச் சொன்னாரு. அன்னிக்குப் பொழுதோட என் ஷூ தானா நடந்து வந்து வாசப்படியில நின்னுட்டிருந்துது. தூசி தட்டி, கயிறெல்லாம் கோத்து. யாரு கொண்டு வந்தாங்கன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை. இப்பப் போட்டிருக்கறது அதுதான்.

வீட்டு வாசலைத் தொட்டேன். தொட்டு, இரும்புக் கேட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு அப்படியே நின்னேன். கை எடுத்தா விழுந்துருவேன். அவ ஆட்டோவை வுட்டு எறங்கி, ஊனுகோலைக்கூட எடுக்காம, ஒத்தைக் காலுல தத்தித் தத்தி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுட்டு அழறா பாருங்க, தெருவே பாக்குது. "முடிச்சுட்டீங்கக்கா, முடிச்சுட்டீங்க"ன்னு சொல்லிச் சொல்லி அழறா. என் வேர்வையெல்லாம் அவ மேல. எனக்கு ஒரே கூச்சமாப் போச்சு. எதுத்த வீட்டுல எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க.

ஏன் அழுதாளா? இது ஒரு கேள்விங்களா அம்மிணி? அவ இதுவரைக்கும் பத்து கிலோமீட்டருக்கு மேல ஒரு ஓட்டம் ஓடுனதில்லை. நான் அணையையே தொட்டுட்டு வந்துட்டேன். முந்திட்டேன்ல? தோத்துட்டா. தோத்தவ அழத்தானே செய்வா? வேற எதுக்கு அழப் போறா?

நீங்க என்ன அப்படிப் பாக்கறீங்க?

இருங்க, நர்சம்மா கூப்புடறாங்க. ஆமாங்க, பிருந்தாகூட வந்தது நான்தான். என்னங்க, கட்டுப் பிரிச்சாச்சா? எலும்பு கூடிருச்சா? நல்லாப் பாத்தீங்களா? என்னது, எந்திரிச்சு நிக்கறாளா? யாரைக் கேட்டு நிக்கறா? அவளை அந்தக் காலை ஊனாம அப்படியே உக்காரச் சொல்லுங்க. நான் வந்து புடிச்சுக்கறேன். அம்மிணி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க.

அடி பிருந்தா, உக்காருடி!